தலபுராணமும் தடுப்புச் சுவரும்

நாட்டிங்ஹாம் கோட்டை நிற்கும் மணற்பாறையின் அடியில், பாறையோடு ஒட்டிக் கட்டிய ஒரு பப் இருக்கிறது. பெயர் ‘யே ஓல்ட் டிரிப் டு ஜெருசலேம்’. 1189 என்ற ஆண்டும், இங்கிலாந்திலேயே பழமையான சத்திரம் இதுதான் என்ற அறிவிப்பும் தொலைவிலிருந்தே கண்ணில் படும்படி அதன் சுவரில் எழுதப்பட்டிருக்கின்றன. 1189 முதலாம் ரிச்சர்ட் பட்டத்துக்கு வந்த ஆண்டு. சிலுவைப் போருக்குக் கிளம்பிய வீரர்கள் இங்கே ஒரு குவளை ஏல் (ஒருவகை பீர்) குடித்துவிட்டுத்தான் ஜெருசலேமுக்குப் பயணப்பட்டார்கள் என்பது கதை. பின்பக்க அறைகள் பாறையில் குடைந்தவை என்பதால் உள்ளே போகிறவருக்கு நம்பத் தோன்றும். ஆனால் குகைகளின் முன்னால் நிற்கும் கட்டடம் 17ஆம் நூற்றாண்டினது. 18ஆம் நூற்றாண்டின் நடுவில் அதற்கு ‘பில்கிரிம்’ என்று பெயர். இன்றைய பெயர் ஆவணங்களில் தலைகாட்டுவது 1799இல். அதே ஊரில் ‘பெல்’, ‘சால்யூட்டேஷன்’ என்று இன்னும் இரண்டு பப்கள் மூத்த பப் என்ற பட்டத்துக்குப் போட்டியிடுகின்றன. மரச்சட்டங்களில் உள்ள வளையங்களைக் கொண்டு காலம் கணிக்கும் முறையில் ஆராய்ந்தபோது, அந்த இரண்டின் கட்டடங்களும் டிரிப்பின் கட்டடத்துக்கு மூத்தவை என்று தெரியவந்தது. ஆனாலும் சுவரில் எழுதிய ஆண்டை யாரும் அழிக்கவில்லை.

லண்டனுக்கு வடக்கே செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் ‘யே ஓல்ட் ஃபைட்டிங் காக்ஸ்’ இன்னும் பின்னால் போகிறது. அதன் கணக்கு 793இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு உண்மையில் ஊரின் மடாலயத்துக்குச் சொல்லப்படும் தொடக்க ஆண்டு. எண்கோண வடிவிலான பப் கட்டடம் அந்த மடாலயத்தின் புறாக்கூண்டாக இருந்தது. 1539இல் மடாலயம் கலைக்கப்பட்ட பிறகு கழற்றி எடுத்துவந்து இப்போதுள்ள இடத்தில் நிறுத்தினார்கள். மது விற்க உரிமம் கிடைத்தது 1756இல். கின்னஸ் நிறுவனம் இதையே இங்கிலாந்தின் மிகப் பழைய பப் என்று பதிவு செய்திருந்தது. சரிபார்க்க முடியாத விஷயம் என்று 2000இல் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டது. லண்டன் ஃப்ளீட் தெருவில் உள்ள ‘யே ஓல்ட் செஷயர் சீஸ்’ ஒப்புநோக்க நாணயமானது. 1666 பெருந்தீயில் எரிந்து மறு ஆண்டே கட்டப்பட்டது என்று அதுவே சொல்கிறது. ஆனால் அங்கேயும் அகராதி தந்த சாமுவேல் ஜான்சன் வழக்கமாக உட்கார்ந்த இடம் என்று ஒரு மூலையைக் காட்டுவார்கள். ஜான்சனின் வீடு பக்கத்துச் சந்தில்தான். ஆனால் அவர் எந்த விடுதியில் யாரோடு சாப்பிட்டார் என்பதையெல்லாம் விடாமல் எழுதிவைத்த பாஸ்வெல் இந்த விடுதியைப் பற்றி மூச்சே விடவில்லை.

நம் கோயில்களுக்குத் தலபுராணம் எப்படியோ, அப்படித்தான் ஆங்கிலப் பப்களுக்கு இந்த ஆண்டுகள். புராணம் சொல்லும் யுகக்கணக்கை வரலாற்று மாணவர் ரசிப்பார். காலம் கணிக்கச் சுவரில் உள்ள கல்வெட்டைத் தேடிப் போவார். பப்பிலும் கல்வெட்டு உண்டு. அது வாசலில் இருக்காது. உள்ளே நிற்கும் மரத்தடுப்பு, கதவுக் கண்ணாடி, தரை, அழைப்புமணிப் பொத்தான் ஆகியவற்றில் இருக்கும். இங்கிலாந்துக்குப் போகிறவர்கள் பழைய பப் ஒன்றைப் பார்க்காமல் திரும்புவதில்லை. பார்த்தவர்களில் பெரும்பாலோர் படம் பிடித்துவருவது அந்த ஆண்டைத்தான். என் வாதம் இது: பழைய பப்பில் நம்பத் தகுந்த வரலாறு அதன் வயதில் இல்லை, அறைகள் பிரிக்கப்பட்ட விதத்தில் இருக்கிறது, வயதை மட்டுமே கொண்டாடியதால்தான் இந்த இரண்டாவது வரலாறு கண்ணெதிரே அழிந்துகொண்டிருக்கிறது.

இந்த அறைகள் எங்கிருந்து வந்தன? தொடக்கத்தில் பப் என்பது வீடு. வீட்டுப் பெண் காய்ச்சிய ஏல் மிஞ்சினால், வாசலில் ஒரு கழியில் தழைக்கொத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கண்டவர்கள் உள்ளே வந்து அடுப்படியில் உட்கார்ந்து குடிப்பார்கள். ஏல் விடுதிக்கு மாஜிஸ்திரேட்டுகளின் உரிமம் வேண்டும் என்ற சட்டம் 1552இல் வந்தது. 1577இல் வரி விதிப்பதற்காக எடுத்த கணக்கில் 14,000க்கு மேற்பட்ட ஏல் விடுதிகளும், சுமார் 1,600 பயணியர் சத்திரங்களும், முந்நூற்றுச் சொச்சம் திராட்சைமது விடுதிகளும் இருந்தன. அதிலும் எல்லா மாவட்டங்களும் சேரவில்லை. இந்த மூன்று வகையும் பின்னால் கலந்து ஒன்றாகிப் போயின. அதுவரை ‘பார்’ என்ற மேடை கிடையாது. நிலவறைப் பீப்பாயிலிருந்து குடத்தில் பிடித்துவந்து ஊற்றினார்கள். கைப்பிடியை இழுத்தால் நிலவறையிலிருந்து பீர் மேலே ஏறும் பம்பு 18ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் பரவுகிறது. பம்பு வந்ததும் அதை நிறுத்த ஒரு மேடை வேண்டியிருந்தது. மேடை வந்ததும் விற்பவர் ஒருபுறம், குடிப்பவர் மறுபுறம் என்று வீடு கடையாயிற்று.

வீடு முழுக்கக் கடையாக மாறிய காலம் 19ஆம் நூற்றாண்டு. ஜின் என்ற மலிவுச் சாராயத்திலிருந்து மக்களைத் திருப்பலாம் என்று நம்பி 1830இல் ஒரு சட்டம் போட்டார்கள்: வீட்டுவரி கட்டும் எவரும் இரண்டு கினி கொடுத்து பீர் விற்கும் உரிமம் வாங்கலாம். ஓரிரு ஆண்டுகளில் பல்லாயிரம் புதிய பீர் கடைகள் முளைத்தன. திகைத்துப்போன அரசு 1869இல் கடிவாளத்தை மறுபடி மாஜிஸ்திரேட்டுகளிடம் கொடுத்தது. புது உரிமம் அரிதாகிவிட்டதால், பீர் ஆலைகள் இருக்கிற பப்களைப் போட்டிபோட்டு விலைக்கு வாங்கின. வாங்கிய பப்பில் தங்கள் பீரை மட்டுமே விற்கச் செய்தன. கொடுத்த விலையைத் திரும்ப எடுக்க வேண்டுமே! 1890களில் பளிங்கு, வண்ண ஓடு, செதுக்கிய மகோகனி, அமிலத்தால் பூவேலை செய்த கண்ணாடி என்று வாரி இறைத்தார்கள். இன்று சுற்றுலாப் பயணி ‘பழைய பப்’ என்று மனத்தில் வைத்திருக்கும் தோற்றம் பெரும்பாலும் அந்தப் பத்தாண்டில் பிறந்ததே தவிர, சிலுவைப் போர்க் காலத்தில் அல்ல.

அந்தக் கட்டடங்களின் அசல் அமைப்பில்தான் விஷயம் இருக்கிறது. ஒரே மேடையைச் சுற்றி நான்கைந்து அறைகள். ஒவ்வொன்றுக்கும் தெருவிலிருந்து தனி வாசல். பப்ளிக் பார் கூலித் தொழிலாளிக்கு: வெறும் பலகைத் தரை, மரப் பெஞ்சு, மலிவு விலை. சலூன் பார் குமாஸ்தாவுக்கும் கடை முதலாளிக்கும்: கம்பளம், மெத்தை இருக்கை, அதே பீருக்குக் கொஞ்சம் கூடுதல் விலை. சுவரில் ஒரு பொத்தானை அழுத்தினால் பணியாள் உள்ளே வருவார். பப்ளிக் பாரில் அந்தப் பொத்தான் கிடையாது. ‘ஸ்னக்’ என்ற சின்னஞ்சிறு அறை, வெளியில் தெரியாமல் ஒரு குவளை குடிக்க விரும்பிய வயதான பெண்களுக்கும் இன்னும் பலருக்கும் உதவியது. தெருவோரமாக ‘ஜக் அண்ட் பாட்டில்’ என்று ஒரு பொந்து. வீட்டுக்கு பீர் வாங்கிப் போகிறவர்களுக்கான இடம் அது. அப்பா அனுப்பக் குடத்தோடு வந்து நின்றவர்களில் பாதிப்பேர் குழந்தைகள். வழியில் அவர்களே ஒரு வாய் குடித்துவிடுகிறார்கள் என்று புகார் எழ, பதினான்கு வயதுக்குக் குறைந்தவர்களிடம் மூடி முத்திரையிட்ட கலத்தில் மட்டுமே கொடுக்கலாம் என்று 1901இல் சட்டம் வந்தது. லண்டன் மெய்டா வேலில் உள்ள ‘பிரின்ஸ் ஆல்ஃபிரட்’ பப்பில் இந்த அடைப்புகள் இன்றும் நிற்கின்றன. ஓர் அடைப்பிலிருந்து இன்னொன்றுக்கு முதுகை வளைத்துக் குனிந்துதான் நுழைய முடியும். தடுப்பில் உள்ள கதவு அவ்வளவு குட்டை. மேடை மேல் முக உயரத்துக்கு வரிசையாக, திருப்பி மூடும் சிறு மங்கல் கண்ணாடிப் பலகைகள். வேண்டும்போது திறந்து குவளையை வாங்கிக்கொண்டு, மூடினால் எதிர்ப்பக்கத்தில் குடிப்பவர்களுக்கு உங்கள் முகம் தெரியாது. வர்க்கத்தைப் பற்றிப் பெரிய நூல்கள் எழுதப்பட்ட நாடு அது. அந்த நூல்கள் சொல்வதை ஒரு தச்சர் உள்ளங்கை அகலக் கண்ணாடியில் செய்து காட்டியிருக்கிறார்.

தடுப்புகள் ஏன் போயின என்பதும் இதே அளவு பேசும் சாட்சி. மறைவான மூலைகள் அதிகாரிகளுக்கு என்றுமே பிடிக்கவில்லை; மேடையில் நிற்பவர் பார்வையில் எல்லோரும் இருக்க வேண்டும் என்றார்கள். முதல் உலகப் போரில் வெடிமருந்துத் தொழிலாளர்கள் குடித்துவிட்டு வேலைக்கு வருகிறார்கள் என்ற அச்சத்தில் 1915இல் மதியத்துக்குப் பின் பப்களை மூடும் விதி வந்தது. அது இங்கிலாந்தில் 1988 வரை நீடித்தது. போர் முடிந்து எழுபது ஆண்டு! அதே 1915இல் லண்டனில் இன்னொரு வேடிக்கையான ஆணையும் வந்தது: ஒருவர் மற்றவருக்குக் குடிக்க வாங்கிக் கொடுப்பது குற்றம். நண்பர்கள் முறைபோட்டு எல்லோருக்கும் வாங்கும் வழக்கம் ஆங்கிலப் பப்பின் உயிர்நாடி என்பதால், அந்த ஆணையை யார் எப்படி மதித்திருப்பார்கள் என்று ஊகித்துக்கொள்ளலாம். வடக்கே கார்லைல் பகுதியில் அரசு 1916இல் பீர் ஆலைகளையும் பப்களையும் தானே எடுத்து நடத்தத் தொடங்கி 1970களின் தொடக்கம் வரை நடத்தியது. ஹாரி ரெட்ஃபர்ன் என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள, உணவுக்கும் இடம் தரும் பப்களைக் கட்டியது. அதற்குப் பிறகு 1960, 70களில் பீர் நிறுவனங்கள் இடத்தைப் பெருக்கவும் ஆள்கூலியைக் குறைக்கவும் நாடு முழுக்கத் தடுப்புகளை இடித்து ஒரே கூடமாக்கின. இடித்தவர்கள் வெளிக்கதவை மாற்றும் செலவைப் பல இடங்களில் மிச்சம்பிடித்தார்கள். ஆகவே ஒரு கதவின் கண்ணாடியில் ‘பப்ளிக் பார்’ என்றும் அடுத்த கதவில் ‘சலூன்’ என்றும் எழுதியிருக்கும். எதில் நுழைந்தாலும் ஒரே கூடத்துக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். ஒரே கூடத்தில் இரண்டு கணப்படுப்பு, பாதியில் முறியும் மேற்கூரை வேலைப்பாடு, திடீரென்று நிறம் மாறும் தரை ஓடு, எங்கேயும் ஒலிக்காத அழைப்புப் பொத்தான் — இவையெல்லாம் இடித்த சுவரின் எலும்புகள். பழைய பப்பில் நுழைந்தவர் முதல் ஐந்து நிமிடம் குவளையை மறந்து இவற்றைத் தேடினால், வாசலில் எழுதியதைவிட அதிகம் படித்துவிடலாம்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இந்தத் தடுப்புகள் மனிதரைத் தரம் பிரித்தவை அல்லவா, இடிந்தது நல்லதுதானே, எதற்குக் காப்பாற்ற வேண்டும்? பிரித்தது வர்க்கத்தை மட்டுமல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். செஷயர் சீஸின் முன்னறை வாசலுக்கு மேலே, ஆண்களுக்கு மட்டுமே இங்கே பரிமாறப்படும் என்ற பழைய பலகை இன்னும் இருக்கிறது. இன்று யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அதே தெருவின் எல் வீனோ மதுவிடுதி பெண்களை மேடையருகே நின்று குடிக்க விடாமல் மேசைக்கு அனுப்பி வந்தது. அது சட்டவிரோதம் என்று நீதிமன்றம் 1982இல் தீர்ப்பளித்த பிறகே அந்த வழக்கம் நின்றது. நிறத்தின் கதை இன்னும் கசப்பானது. 1964இல் பிரிஸ்டல் நகரின் ‘பே ஹார்ஸ்’ பப்பில் பால் ஸ்டீஃபன்சன் என்ற கறுப்பின இளைஞர், தனக்கு ஊற்றாமல் வெளியேற மாட்டேன் என்று நின்று கைதானார்; வழக்கு தள்ளுபடியானது. பர்மிங்ஹாமுக்குப் பக்கத்தில் ஸ்மெத்விக் ஊரில் வார்ப்பாலைகளில் உழைத்த பஞ்சாபிகளுக்குப் பப்ளிக் பாரில் மட்டும் ஊற்றி, நல்ல அறையை வெள்ளையருக்கென்று ஒதுக்கிய பப்கள் இருந்தன. தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் இடையே எழுப்பிய சுவர், அதை அமைத்தவர் நினைத்தே பார்க்காத வேறொரு வேலைக்குப் பயன்பட்டது. இந்தியத் தொழிலாளர் சங்கத்தின் அவ்தார் சிங் ஜோஹல் அந்த அறைகளுக்குள் ஆட்களோடு போய்ப் போராடினார். 1965 பிப்ரவரியில் அமெரிக்கக் கறுப்பினப் போராளி மால்கம் எக்ஸ் ஸ்மெத்விக்குக்கு வந்து ஜோஹலோடு ஒரு பப்பின் ஒதுக்கிய அறைக்குள் நுழைந்தபோது அவருக்கும் ஊற்ற மறுத்தார்கள். ஒன்பது நாள் கழித்து மால்கம் நியூயார்க்கில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவ்வாண்டே வந்த இன உறவுச் சட்டம் பப்களில் இந்த ஒதுக்கலைத் தடை செய்தது. பின்னர் அதே வட்டாரத்தில் நலிந்த பப்களைப் பஞ்சாபிகள் வாங்கி, அடுப்பில் சுட்ட கறியும் பீருமாக நடத்தி உயிர் கொடுத்தார்கள். அவற்றுக்கு ‘தேசி பப்’ என்று பெயர் நிலைத்துவிட்டது.

இந்த வரலாறு அறைகளின் வரலாறு. எல்லாத் தடுப்பையும் இடித்து, புதுச் சாயம் பூசிய ஒரே கூடமாக்கி, மேலே 1189 என்று எழுதிவிட்டால், எல்லோரும் என்றுமே ஒன்றாக உட்கார்ந்து குடித்த இனிய இங்கிலாந்து என்ற பொய்தான் மிஞ்சும். தடுப்பை வைத்துக்கொண்டே விதியை மாற்ற முடியும். செஷயர் சீஸ் பலகைக்குக் கீழே பெண்கள் இன்று உட்கார்ந்திருப்பதே அதற்கு ஆதாரம். விதியை மாற்றச் சட்டம் போதும், மரத்தை அறுக்க வேண்டியதில்லை.

இன்னொரு கேள்வி: கட்டுக்கதையால் யாருக்கு நட்டம்? சிலுவைப் போர் வீரர் கதையோடு ஒரு குவளை குடித்துவிட்டுப் போகிறவரை ஏன் தொந்தரவு செய்ய வேண்டும்? கதை கதையாக இருக்கும்வரை ஒரு நட்டமும் இல்லை. வயதே தகுதி என்று ஆகும்போதுதான் சிக்கல். கறுத்த உத்தரமும் சாய்ந்த கூரையும் கொண்ட பப்புக்கு எளிதில் பாதுகாப்பு கிடைக்கும். நூறு ஆண்டே ஆன பப்பின் முழுமையான உள்ளமைப்பை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. லிவர்பூலின் ‘ஃபில்ஹார்மோனிக்’ 1900 வாக்கில் கட்டி முடிந்தது. செம்பு வேலை, வண்ணக் கண்ணாடி, மொசைக் மேடை, பிராம்ஸ், லிஸ்ட் என்று இசையமைப்பாளர் பெயர் சூட்டிய அறைகள், பெண்களும் அனுமதி கேட்டுப் பார்த்துவிட்டுப் போகும் இளஞ்சிவப்புப் பளிங்கு ஆண் கழிப்பறை எல்லாம் உண்டு. விக்டோரியா காலத்தில் பப்பாகவே கட்டப்பட்ட கட்டடம் ஒன்றுக்கு முதல் தரப் பாதுகாப்பு கிடைத்தது இதற்குத்தான், அதுவும் 2020இல். உள்ளமைப்பு முக்கியம் என்று விடாமல் சொல்லி, அறை அறையாகப் பார்த்து நாடு தழுவிய பட்டியல் தயாரித்தவர்கள் கேம்ரா என்ற பீர் விரும்பிகளின் இயக்கத்தார். 1971இல் சுவையான ஏல் வேண்டும் என்று தொடங்கிய இயக்கம் அது. பெரிதும் மாறாத உள்ளமைப்போடு நாட்டின் மிகச் சிறந்தவை என்று அவர்கள் தேர்ந்தவை சில நூறைத் தாண்டவில்லை. பிரிட்டன் முழுவதும் இப்போது ஏறத்தாழ 45,000 பப்கள். 2000இல் இருந்தவை 60,000.

குடியின் கேட்டைத் தினமும் பார்க்கும் தமிழ் வாசகருக்கு மூன்றாவது கேள்வி தோன்றும்: சாராயம் விற்கும் இடத்துக்கு இவ்வளவு மரியாதையா? பப்பைப் புகழ வேண்டிய தேவை இந்த வாதத்துக்கு இல்லை. மேலே சொன்ன மதுச் சட்டங்கள் அத்தனையும் குடியைக் கண்டு அஞ்சிய சட்டங்கள். அந்த அச்சம் எப்போது யார்மீது பாய்ந்தது என்பதை அறியவும் இதே அறைகள்தான் ஆதாரம். தவிரவும், குடிக்காதவர் தாராளமாகப் போகலாம். மேடைக்குப் போய்த் தேநீரோ எலுமிச்சைப் பானமோ கேட்டு, அங்கேயே பணம் கொடுத்து, விரும்பிய இடத்தில் உட்காரலாம். வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆனால் உங்களுக்கு முன்னால் வந்தவர் யார் என்பது விற்பவருக்கும் கூட்டத்துக்கும் தெரியும். கைகாட்டி அழைப்பது மரியாதைக் குறைவு. ஞாயிறு மதியம் சுட்ட மாட்டிறைச்சியும் உருளையும் சாப்பிடக் குழந்தைகளோடு குடும்பங்கள் வரும். பிற்பகல் மூன்று மணிக்குக் கூட்டம் குறைவு. கண்ணாடியையும் தடுப்பையும் நிதானமாகப் பார்க்க அதுதான் நேரம்.

ஆதாரத்தைப் பதிந்துவைப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கு இரண்டு பப்களின் கதி போதும். லண்டன் ‘கார்ல்டன் டேவர்ன்’ 1920களின் தொடக்கத்தில் கட்டிய, பழமை என்று யாரும் மார்தட்டாத பப். அதைப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்க்கும் முடிவு நெருங்கியபோது, 2015 ஏப்ரலில், உரிமையாளர் தரப்பு அனுமதியில்லாமல் இடித்துத் தள்ளியது. ஆனால் பட்டியலிடும் வேலைக்காகக் கட்டடம் ஏற்கெனவே விரிவாகப் பதிவாகியிருந்தது. அந்தப் பதிவின் பலத்தில், இருந்தது இருந்தபடி செங்கல் செங்கல்லாகத் திரும்பக் கட்டு என்று வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி ஆணையிட்டது. 2021இல் கதவு மறுபடி திறந்தது. ஸ்டாஃபர்ட்ஷயரின் ‘க்ரூக்கட் ஹவுஸ்’ 1765இல் பண்ணைவீடாகத் தொடங்கியது. அடியிலிருந்த நிலக்கரிச் சுரங்கத்தால் ஒருபக்கம் நாலடி அமிழ்ந்து, கோலிக்குண்டு மேட்டில் உருள்வதுபோல் தோன்றும் அளவுக்குச் சாய்ந்தது. நாடெங்குமிருந்து ஆட்கள் பார்க்க வந்தார்கள். புகழ் இருந்தது, பட்டியலில் இடம் இல்லை. 2023 ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது, 7ஆம் தேதி மிச்சமும் தரைமட்டமானது. முன்பிருந்தபடியே எழுப்ப வேண்டும் என்று உள்ளூர் நிர்வாகம் 2024 பிப்ரவரியில் ஆணை கொடுத்திருக்கிறது. அதை நிறைவேற்ற வருகிறவர் முதலில் கேட்கப்போவது அதன் வயதை அல்ல. எந்தச் சுவர் எத்தனை அங்குலம் சாய்ந்திருந்தது, எந்த அறைக்கு எங்கே வாசல் என்பதைத்தான்.